சைத்தானைப் படைத்தது யார்? லெந்து கால வகுப்புக்காக நான்கு பதில்களை ஒப்பிட்டபோது

சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த முறை லெந்து கால, அதாவது உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்திய தவக்கால, வீட்டுக் கூட்டங்களுக்குப் பாடம் தயாரிக்கிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஐந்து செவ்வாய்க்கிழமைகள், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. இருபது பேர் மட்டில் வருவார்கள். பாதிப்பேர் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகள், மீதிப்பேர் அவர்களுடைய அம்மா, அம்மம்மாமார். 'தீமையும் இரட்சிப்பும்' என்று தலைப்பை மட்டும் போதகர் ஐயா கொடுத்துவிட்டார். அதை எந்த வழியால் கொண்டுபோவது என்பது என் பாடு.

தலைப்புக்குக் காரணம் ஒரு பிள்ளையின் கேள்வி. போன வருடக் கடைசியில், வகுப்பு முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "சேர், கடவுள் படைச்சதெல்லாம் நல்லதெண்டு ஆதியாகமத்தில இரிக்கு. அப்ப சைத்தானப் படைச்சது ஆரு?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே இப்போது ஞாபகமில்லை. அவ்வளவு சிறப்பான பதில்.

பாடம் எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற நிசேயா விசுவாசப் பிரமாணத்தை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? தீமை எங்கிருந்து வந்தது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நமக்காகவும் நமது இரட்சிப்புக்காகவும் அவர் இறங்கி வந்தார் என்று மட்டும் இருக்கிறது. அதை உருவாக்கிய, 325இலும் 381இலும் கூடிய ஆயர் சங்கங்கள், இரட்சகர் யார் என்பதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வாதாடின. எதிலிருந்து இரட்சிக்கிறார், அது எப்படி வந்தது என்பதைப் பிரமாணத்துக்குள் கொண்டுவரவில்லை. அதனால் பல பதில்கள் ஒரே கூரையின் கீழ் இத்தனை நூற்றாண்டு குடித்தனம் நடத்துகின்றன. அதில் பெரியவை நான்கு. ஐந்து கிழமைக்குள் நாலையும் தலையில் கொட்டினால் பிள்ளைகள் ஆறாவது கிழமை வரமாட்டார்கள். எதற்கு எவ்வளவு இடம் என்று தீர்மானிக்க வேண்டும்.

ஒப்பிட இரண்டு அளவுகோல் வைத்துக்கொண்டேன். ஒன்று, அந்த விளக்கம் எந்த மாதிரி இரட்சிப்பில் போய் முடிகிறது என்பது. வருத்தம் இன்னது என்று சொல்கிற விதத்தில்தானே மருந்தும் இருக்கிறது. வெறும் காய்ச்சல் என்றால் பனடோல் போதும், டெங்கு என்றால் அதோடு விட முடியாது. மற்றது விறாந்தை. அந்த வீட்டு அக்கா 2004 டிசம்பர் 26இல் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். வீட்டிலிருந்த படங்களும் தண்ணீரோடு போய்விட்டன. இப்போது சுவரில் இருப்பது வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர் அனுப்பிய பிரதி. அதில் சின்னவனுடைய சட்டையில் ஒரு பொத்தான் பிழையான துளையில் பூட்டப்பட்டிருக்கும். நான் உட்காருகிற கதிரைக்கு நேரெதிரே அந்தப் படம். அதைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத எதையும் அந்த வீட்டில் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இந்த இரண்டாவது அளவுகோலிலேயே ஒரு பதில் உடனே விழுந்துவிடுகிறது. "என்ன பாவம் செஞ்சமோ" என்பது. அயலில் இருக்கும் சைவர்கள் ஊழ்வினை என்பார்கள். அவர்களுக்கு அதற்குப் பின்னால் ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது. நம்மவர்கள் அந்தத் தத்துவம் எதுவுமில்லாமல் வாக்கியத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். இயேசு இதை நேராகவே மறுத்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டுமில்லை என்றார். "எல்லாம் ஆண்டவருடைய சித்தம்" என்பதையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிட்டேன். அது விளக்கமல்ல, பேச்சை முடிக்கிற வழி.

ஆதாம் வழி

அந்தப் பெரிய நான்கில் முதலாவது, முதல் மனிதன் ஆதாம் பாவத்தில் விழுந்ததால் தீமை வந்தது என்று நாங்கள் எல்லாரும் ஞாயிறு பாடசாலையில் படித்தது. அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430). அவர் கிறிஸ்தவராகுமுன் ஏறக்குறைய ஒன்பது வருடம் மானிக்கேயரோடு இருந்தவர். ஒளி ஒரு பக்கம், இருள் ஒரு பக்கம், இரண்டுமே என்றென்றைக்கும் உள்ள சக்திகள் என்பது மானிக்கேயர் கொள்கை. அதை விட்டு வெளியே வந்தவர் கண்டுபிடித்த பதில்: தீமை என்று ஒரு பொருளே இல்லை, அது நன்மை இல்லாமற்போன இடம்.

புத்தகத்தில் இது வறண்டுபோய்க் கிடக்கும். எங்கள் ஊரில் சொல்வது சுலபம். வலையில் ஓட்டை விழுந்தால், அந்த ஓட்டையைப் பின்னியது யார் என்று வாவிக்கரையில் ஒருவரும் கேட்பதில்லை. பின்னியவர் நூலைத்தான் பின்னினார். நூல் அறுந்த இடத்துக்குப் பெயர் ஓட்டை. ஆனாலும் மீன் போவது அதனால்தான், வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது நிசம்தான். ஆகவே மகளே, கடவுள் படைத்தது ஒரு தூதனை. சைத்தான்தனத்தை யாரும் படைக்கவில்லை.

இதை என் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன், "குண்டு ஓட்டையில்லயே அப்பா, அது இருந்திச்சே" என்றான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடிந்து சிற்றுண்டிக்காக வெளியே வந்த பிள்ளைகள். அதை அவனுடைய வயதுக்காரர் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். அன்றைக்கு அந்த முதுகுப்பையைச் சுமந்து வந்தவனிடம் என்னென்ன இருந்தது என்று எண்ணிப் பார். திட்டம் போடுகிற அறிவு. கை நடுங்காத துணிவு. சொன்னதைச் செய்கிற கீழ்ப்படிவு. கடவுளுக்காக உயிரையும் விடலாம் என்ற மனது. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துக் கழுவிப் பார்த்தால் நல்ல சாமான். நாங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று ஜெபிக்கிற குணங்கள். தீமைக்குச் சொந்தமாக ஒரு கத்திகூடக் கிடையாது, எல்லாம் இரவல். மகன் பாதி ஒத்துக்கொண்டான். மற்றப் பாதிக்கு என்னிடமும் பதில் இல்லை.

அகுஸ்தீனிடம் எனக்கு ஒத்துவராத இடம் வேறு. ரோமர் 5:12ஐ அவர் வாசித்தது லத்தீன் மொழிபெயர்ப்பில். அதில் எல்லாரும் "அவனுக்குள்" பாவம் செய்தார்கள் என்று வரும், அதாவது ஆதாமுக்குள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" என்று இருக்கிறது; கிரேக்கத்துக்கு அதுதான் கிட்ட. ஒரு சிறு சொல். அதிலிருந்து ஆதாமின் குற்றமே பிறக்கும் குழந்தைமேல் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் போனார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக இலேசானது என்று எழுதினார். கிழக்குத் திருச்சபைகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆதாமிடமிருந்து வந்தது சாவும் பலவீனமும், குற்றமல்ல என்பது அவர்கள் நிலை. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் அது நாம் செய்த பாவமல்ல, நம்மேல் வந்து சேர்ந்த நிலை என்று தெளிவாகப் பிரிக்கிறது. 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு, அப்படி இறந்த குழந்தைகளுக்கு மீட்பை எதிர்பார்க்க நல்ல காரணம் உண்டு என்று எழுதியது. பொத்தான் பிழையாகப் பூட்டிய அந்தப் படத்தின் முன்னால் குழந்தைக்குத் தண்டனை என்ற பேச்சை எடுக்க முடியாது.

அப்படியானால் இந்த வழியைத் தூக்கி எறியலாமே என்றால், முடியாது. வேறு எந்த விளக்கமும் என்னை இவ்வளவு சரியாகப் பிடிப்பதில்லை. அகுஸ்தீன் 16 வயதில் கூட்டாளிகளோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசியில்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. பன்றிகளுக்கு எறிந்துவிட்டு வந்தார்கள். பிற்காலத்தில் ஆயராகி அதை நினைத்துப் பார்த்து எழுதும்போது ஒன்றைக் கவனிக்கிறார்: தனியாக இருந்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். 16 வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? போன வருடம் எங்கள் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு மூன்று நாள் சிரித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்டால் தங்கமான பிள்ளைகள். யாரும் அதை "செய்யவில்லை". சிரிப்புப் பொம்மை மட்டும்தான் போட்டார்கள்.

அதன் பெரிய வடிவம் எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்கள் சுடப்பட்டார்கள். ஐந்து கிழமை கழித்து, செப்டம்பர் 9, சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொண்டுபோய்க் கொல்லப்பட்டன. இந்தக் கரையில் ஒவ்வொரு ஊரும் மற்ற ஊரின் பாவத்தை நாள், நேரம் தவறாமல் ஒப்புவிக்கும். தன் பக்கத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும், வினைச்சொல் செயப்பாட்டு வினையாகிவிடும். நானும் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறேன், மேலே பாருங்கள். விழுந்துபோன மனிதர் என்பது மற்றவரைப் பற்றிய செய்தி அல்ல என்று சொல்லித்தர ஆதாமைவிட்டால் ஆளில்லை. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுல் எழுதியதும் தன்னைப் பற்றித்தான்.

இந்த வழியின் உண்மையான தோல்வி கடலில். அக்காவிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் ஆதாமின் பாவத்தால் படைப்பே கெட்டுப்போனது என்று சொல்லிவிட்டேன். அவர் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டே, "கடல் என்ன தம்பி, ஆதாம்ட பேரக் கேட்டுட்டா வந்த?" என்றார். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டுகள் நழுவின. அதே தட்டுகள் மனிதன் பிறப்பதற்குப் பல கோடி வருடங்களுக்கு முன்பும் நழுவிக்கொண்டுதான் இருந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, நத்தாருக்கு மறுநாள். நாவலடியில் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தான் புகுந்தது. அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள்; கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று அலை பார்க்கவில்லை.

என் சொந்தச் சபையான மெதடிஸ்த சபையின் தந்தையே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், லிஸ்பன் நகரத் தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. ஜோன் வெஸ்லி உடனே ஒரு சிறு பிரசுரம் எழுதி, இது கடவுளின் கை, பாவத்துக்கு எச்சரிப்பு என்றார். அவருடைய வழியில் வந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கி, ஒரு வருடம் ஆகுமுன் இங்கேயே இறந்துபோனார். அந்தப் பாடசாலையில் படித்த எத்தனையோ பேரை அலை கொண்டுபோயிற்று. வெஸ்லியை மதிக்கிறேன். அந்தப் பிரசுரத்தை அந்த விறாந்தையில் வாசிக்கமாட்டேன்.

பகைவன்

இரண்டாவது வழி, கோதுமை வயலில் களை விதைத்தவனைப் பற்றிய உவமை: "சத்துரு அதைச் செய்தான்." படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு உவமையே தேவையில்லை. களைநெல்லும் நெல்லும் கதிர் தள்ளும்வரை ஒரே மாதிரி நிற்கும். பிடுங்கப் போனால் எது எது என்று தெரியாது. வித்தியாசம் தெரியும்போது களைநெல் மணியை நிலத்தில் உதிர்த்துவிட்டிருக்கும், அடுத்த போகத்துக்கும் சேர்த்து. கடவுள் செய்யவில்லை, நாம் மட்டும் செய்யவும் இல்லை, நமக்கு வெளியே நம்மைவிடப் பெரிய கெட்ட ஒன்று இருக்கிறது என்பதை இது தைரியமாகச் சொல்கிறது. யுத்தத்தில் வாழ்ந்தவர்கள் இதை நம்பக் கஷ்டப்படுவதில்லை. யாருமே விரும்பாமல் எல்லாரும் செய்துகொண்டிருந்த காரியங்களைக் கண்டவர்கள்.

வேத ஆதாரம் நாம் நினைப்பதைவிட மெல்லியது. ஆதியாகமத்தில் வருவது சர்ப்பம். அதைப் பிசாசு என்று வேதம் அடையாளம் சொல்வது வெளிப்படுத்தல் 12இல். "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே" என்ற ஏசாயா வசனம் பாபிலோன் ராஜாவைப் பார்த்துப் பாடியது. லூசிபர் என்பது அந்த விடிவெள்ளிக்கு லத்தீன் சொல், அவ்வளவுதான். சரி, மெல்லியதாக இருந்தாலும் இயேசு பகைவனைப் பற்றிப் பேசினார். விட முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இது பதிலாகாது. கேள்வியை ஒரு மாடி மேலே தூக்கி வைக்கிறது: ஆதாமைக் கெடுத்தது சைத்தான் என்றால், சைத்தானைக் கெடுத்தது யார்?

என் பயம் வேறு. மட்டக்களப்பான் பாயோடு ஒட்டவைப்பான் என்று நாடு முழுக்க மந்திரத்துக்குப் பெயர் சொல்கிற ஊர் இது. வயிற்றுவலி என்றாலும் செய்வினை, பரீட்சை பெயில் என்றாலும் கண்ணூறு என்று சொல்கிற பழக்கம் ஞானஸ்நானத் தண்ணீரில் கழுவுப்படுவதில்லை. பெயரை மட்டும் பிசாசு என்று மாற்றிக்கொள்ளும். இந்த வழிக்கு இரண்டு கிழமை கொடுத்தால், மூன்றாவது கிழமை என்னிடம் தேசிக்காய் வெட்டச் சொல்வார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது இரட்சிப்புப் பக்கம். நாங்கள் இரட்சிப்பு என்பதைக் கத்தோலிக்கர் மீட்பு என்கிறார்கள். மீட்பு என்றால் இங்கே முதலில் ஞாபகம் வருவது அடகு. பெரும்போகத்துக்கு உரம் வாங்கச் சங்கிலியை வைப்பதும், அறுவடை முடிந்து துண்டைக் கொண்டுபோய் மீட்பதும் எத்தனை வீட்டில் வருடாந்தச் சடங்கு! அடகில் இருந்தாலும் சங்கிலி அம்மாவுடையதுதான், பவுண் குறைவதில்லை. பழைய காலத்தில் சிலர், நிசாவின் கிரகோரியார் போன்றவர்கள், விலை பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்றே சொல்லிவிட்டார்கள். கள்ளனுக்கு எதற்குக் காசு என்று அவர் காலத்து இன்னொரு கிரகோரியார், நாசியன்சுக்காரர், கோபித்துக்கொண்டார். நான் இரண்டாமவர் பக்கம். ஆனாலும் "நீ மாறவில்லை, வேறு கையில் இருக்கிறாய், ஆண்டவர் துண்டோடு வருகிறார்" என்று ஒரு குடிகாரனிடம் சொல்லலாம். ஆதாம் வழியில் அவனுக்கு அதைச் சொல்ல வராது.

வளர்ச்சி

மூன்றாவது வழி அகுஸ்தீனுக்கும் இரண்டு நூற்றாண்டு மூத்தது. லியோன் நகர ஆயர் இரேனியு, ஏறக்குறைய 180இல் எழுதினார். அவருக்கு ஆதாம் ஏவாள் முதிர்ந்த பரிசுத்தவான்களல்ல, பிள்ளைகள். தாய் கைக்குழந்தைக்குச் சோறு கொடுக்கலாம், குழந்தையால் சாப்பிட முடியாது. குறை தாயிடம் இல்லை. நமது சாயலாகவும் ரூபத்தின்படியேயும் என்று ஆதியாகமம் சொல்வதை அவர் இரண்டாகப் பிரித்தார். சாயல் கையோடு கிடைத்தது, ரூபம் வளர வளர வரவேண்டியது. விழுந்தது உண்மை, ஆனால் நடை பழகும்போது விழுந்தது.

தமிழில் பாவம் என்ற ஒரு சொல் இரண்டு வேலை செய்கிறது. பாவம் செய்தான் என்போம், ஐயோ பாவம் என்றும் சொல்வோம். அகுஸ்தீனுக்கு முதலாவது, இரேனியுவுக்கு இரண்டாவது.

இரட்சிப்பைப் பற்றி அவர் சொல்வதுதான் நான்கிலும் அழகானது என்பேன். கிறிஸ்து குழந்தையாக, சிறுவனாக, வாலிபனாக, ஒவ்வொரு வயதையும் திரும்ப நடந்து, ஆதாம் பிசகிய இடத்தில் பிசகாமல் போனார்; ஏவாளின் கீழ்ப்படியாமை போட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்கிறார். மருதமுனைப் பக்கம் கைத்தறி பார்த்தவர்களுக்கு விளங்கும். இழை பிசகினால் மேலே மேலே நெய்து மறைக்க முடியாது. பிசகிய இடம்வரை பிரித்துக்கொண்டு போய், அங்கிருந்து திரும்ப நெய்யவேண்டும்.

ஆனால் இதை அந்த விறாந்தையில் வைத்துப் பாருங்கள். துன்பம் உன்னை வளர்க்கும். யாரை? இறந்த பிள்ளைகளையா? தாய் வளர்வதற்குப் பிள்ளைகள் உரமா? இரேனியு இப்படிச் சொல்லவில்லை. அவர் பெயரால் இக்காலத்தில் பேசுகிறவர்கள் இதில் வந்து முட்டுகிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் 2005இல் அக்காவிடம் இதையே சொன்னாராம். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை என்று அக்கா இன்றும் ஞாபகமாகச் சொல்வார். மட்டக்களப்பில் அது சின்ன விஷயமல்ல.

யோபு

நான்காவதைப் பதில் என்று சொல்வதே சரியில்லை. யோபு உத்தமன், ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தவன். அவனுடைய சிநேகிதர்கள் வந்து ஏழு பகல் ஏழு இரவு அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், அதோடு கெட்டது. முப்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்களுக்கு வாக்குவாதம். கடைசியில் கடவுள் சுழல்காற்றிலிருந்து பேசுகிறார். நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கிறார். சமுத்திரத்துக்குக் கதவு போட்டு, இம்மட்டும் வா, மிஞ்சி வராதே என்று சொன்னது யார் என்று கேட்கிறார். (இந்த வசனத்தைக் கல்லடியில் வாசிப்பது சுலபமல்ல. கதவு அன்று திறந்திருந்தது.) முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் கடவுளுக்கும் சைத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை யாரும் சொல்லவேயில்லை. ஆனால் கடவுளை நியாயப்படுத்திப் பேசிய சிநேகிதர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம். கத்தின யோபு சரியாகப் பேசினான் என்கிறார்.

இந்தக் கத்தல் சங்கீதங்களிலும் இருக்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலில் முடிவதேயில்லை, இருளில் முடிகிறது. சிலுவையில் இயேசு 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்து, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். நம்முடைய கேள்வியை அவரும் கேட்டார், அவருக்கும் மேலேயிருந்து பதில் வரவில்லை. அந்தப் படத்தின் முன்னால் நிமிர்ந்து இருந்து சொல்லக்கூடியது நான்கிலும் இது ஒன்றுதான்.

குறை இல்லாமலில்லை. கூட இருந்து அழுகிற வைத்தியர் நல்லவர்தான், வருத்தம் மாறவேண்டாமா? கடவுளும் நம்மோடு துன்பப்படுகிறார் என்பதோடு நிறுத்தினால், துன்பப்படுகிறவர் ஒருவர் கூடினார் என்றுதான் கணக்கு. செத்துப்போன சிநேகிதன் லாசருவின் கல்லறையில் இயேசு அழுதார். அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, கல்லை எடுக்கச் சொல்லி அவனை உயிரோடு வெளியே கூப்பிட்டார். உயிர்த்தெழுதல் இல்லாத யோபு வழி பாதி வழி. அதோடு, யோபு உத்தமன். வட்ஸ்அப்பில் சிரித்த பிள்ளைகளுக்கு யோபுவைக் கொடுத்தால் எல்லாரும் தங்களை யோபுவாக நினைத்துக்கொள்வார்கள். எங்கள் சனத்துக்கு அது ஏற்கெனவே நன்றாக வரும்.

கடைசியில் எடுத்த முடிவு

எது சரி என்று மட்டும் பார்த்திருந்தால் இன்னும் முடிவெடுத்திருக்க மாட்டேன். எனக்கு வழி திறந்தது எட்டாம் வகுப்பு இலக்கணத்தில்: தன்மை, முன்னிலை, படர்க்கை. ஆதாம் வழி தன்மையில் சொன்னால் உண்மை, நான் விழுந்தேன், நாங்கள் விழுந்தோம். அதையே அவர்கள் என்று படர்க்கையில் சொன்ன நிமிடம் அது துவேஷப் பிரசங்கம். வளர்ச்சியும் அப்படித்தான். பட்டவர் தானே, அதுவும் இறந்தகாலத்தில், "அதுக்குள்ளால நான் வளந்தன்" என்று சொன்னால் சாட்சி, வந்தவர் சொன்னால் தேத்தண்ணி இல்லை. பகைவனைப் படர்க்கையில்தான் சொல்லவேண்டும், ஆனால் 'அது' என்று. நம்முடைய போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று எபேசியர் நிருபம் சொல்கிறது, ஆகவே எந்த ஊரின் பெயரும் அதற்குள் வராது. யோபு பேசியது முன்னிலையில். கடவுளைப் பற்றிச் சிநேகிதர்கள் பேசினார்கள், கடவுளோடு அவன் மட்டும்தான் பேசினான்.

எனவே முதல் செவ்வாய் யோபு, 88ஆம் சங்கீதத்தோடு. விளக்கம் சொல்லக்கூடாது, எனக்கும் சேர்த்துத்தான் சட்டம். இரண்டாவதும் மூன்றாவதும் ஆதாம். ஒன்றில் பேரிக்காயும் வட்ஸ்அப்பும், மற்றதில் வலை ஓட்டை. அந்தப் பிள்ளையின் கேள்வி அங்கேதான் வரும். அவள் திருப்திப்படுவாள் என்று சொல்ல முடியாது, போன வருடத்தைவிடப் பரவாயில்லை. அந்த இரண்டு கிழமையும் 'நான்', 'நாங்கள்' என்று தொடங்காத வாக்கியத்துக்கு அனுமதியில்லை என்று முன்கூட்டியே சொல்லப்போகிறேன். நான்காவது செவ்வாய் பகைவன், அடகுத் துண்டோடு. தேசிக்காய் பற்றிக் கேட்டால் போதகர் ஐயாவிடம் அனுப்பிவிடுவேன். இரேனியுவுக்குத் தனிக் கிழமை இல்லை. கடைசி நாளில் லாசருவின் கல்லறைக்குப் பிறகு, யாராவது தாமாக எழும்பிப் பேசினால் அதுதான் அவருடைய பாடம். ஒருவரும் எழும்பாவிட்டால் பாட்டுப் பாடிவிட்டு வருவோம்.

முதல் கிழமை யோபு என்று அக்காவுக்குச் சொல்லவேண்டும் அல்லவா, அவருடைய வீடு. நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நல்லம். ஆனா தம்பி, யோபுட கடைசிப் பக்கத்த வாசிக்க வேணாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கடைசியில அவருக்குத் திரும்பப் பத்துப் புள்ளைகள் பொறந்தெண்டு வரும். புதுப் புள்ளைகள் வந்தா பழைய புள்ளைகள் வந்த மாதிரியா?"

42ஆம் அதிகாரத்தை ஏழாம் வசனத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.